மஞ்சளின் தலையில் ஏற்றிய பாரம்

கோவை மருந்துக்கடைகளின் கண்ணாடி அலமாரியில் மஞ்சளின் சத்தான குர்க்குமின் டப்பாக்களுக்கு இப்போது தனி வரிசை. மூட்டுவலிக்கு என்று வந்த சரக்கு மெல்ல மெல்ல மனச்சோர்வு வரைக்கும் பேசப்படுகிறது. பேச்சுக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. மூன்று படிகள் கொண்ட வாதம். உடலில் நீடிக்கும் அழற்சி மனச்சோர்வை உண்டாக்குகிறது என்பது முதல் படி. அழற்சியைத் தணித்தால் மனச்சோர்வும் தணியும் என்பது இரண்டாவது. மஞ்சள் அழற்சியைத் தணிக்கும் என்பது மூன்றாவது. பேசுகிறவர்கள் முதல் படியில் ஏறியதும் மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள். நடுப்படியில் நின்று பார்ப்பவர் குறைவு. மூன்றின் சான்றுத் தரமும் ஒன்றல்ல என்பதால் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊர்ச் சரக்கு என்பதற்காக எடைக்கல்லை மாற்றிப் போட முடியாது.

முதல் படியை எடுத்துக்கொள்வோம். அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் முடிச்சுப் போடும் கருத்து 1991இல் ரொனால்ட் ஸ்மித், மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லை வைத்து முன்வைத்த கோட்பாட்டில் தெளிவான வடிவம் பெற்றது. அப்போது அது ஊகத்துக்குச் சற்று மேலே இருந்தது, அவ்வளவுதான். அதற்கு உண்மையான வலு சேர்த்தது ஒரு மருந்தின் பக்கவிளைவு. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்பது உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும் மருந்து. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் கொடுக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களில் கணிசமானோர் சில வாரங்களில் மனச்சோர்வில் விழுந்தார்கள். 2001இல் மஸ்ஸல்மன் குழு மெலனோமா நோயாளிகள் 40 பேரை எடுத்து, இன்டர்ஃபெரான் தொடங்குவதற்கு முன்பே பாதிப் பேருக்கு பராக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தையும் மீதிப் பேருக்குப் போலி மாத்திரையையும் கொடுத்தது. போலி மாத்திரை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினர் பெருமனச்சோர்வுக்கு ஆளானார்கள். பராக்செட்டின் பெற்றவர்களில் அது 11 விழுக்காடு.

முறையியல் நோக்கில் இந்த ஆய்வின் சிறப்பு காலவரிசையில் இருக்கிறது. எது முன், எது பின் என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. அழற்சியைத் தூண்டியவர் மருத்துவர், தூண்டிய நாள் தெரியும், மனச்சோர்வு அதற்குப் பின் வந்தது. குறை, அளவுகோலில் இருக்கிறது. களைப்பு, பசியின்மை, தூக்கக்கேடு ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிப் பட்டியலிலும் இருக்கின்றன, எந்தக் காய்ச்சலிலும் இருக்கின்றன. டெங்குவில் படுத்தவரை மனச்சோர்வுக்கான ஹாமில்டன் அளவுகோலால் அளந்தால் அவரும் மதிப்பெண் வாங்குவார். அப்படியானால் இன்டர்ஃபெரான் உண்டாக்கியது மனச்சோர்வையா, நோய்ப்பட்ட உடலின் சோர்வையா? இந்த ஐயத்துக்கு லூசில் காப்யூரோன் குழு அதே நோயாளிகளின் அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்துப் பதில் சொன்னது. களைப்பும் பசியின்மையும் முதல் இரண்டு வாரங்களிலேயே வந்தன. பராக்செட்டினுக்கு அவை அசையவில்லை. துயரமும் பதற்றமும் பிந்தி வந்தன. அவற்றை மருந்து தடுத்தது. ஆக, அழற்சி ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இந்தப் பிரித்தறிதல் இல்லாமல் போயிருந்தால் கருதுகோளின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கும்.

தானாக வரும் மனச்சோர்வில் என்ன நடக்கிறது? இங்கே சான்று எண்ணிக்கையில் மிகுதி, தூய்மையில் குறைவு. 2010இல் டவ்லத்தி குழு 24 ஆய்வுகளைத் தொகுத்து, மனச்சோர்வாளர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா ஆகிய அழற்சிக் குறிகள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தொகுப்பு நேர்த்தியானது. ஆனால் தொப்பைக் கொழுப்பே இன்டர்லூக்கின்-6 சுரக்கும் உறுப்புப் போல நடந்துகொள்கிறது. மனச்சோர்வில் இருப்பவர் நடை குறைத்து, புகை கூட்டி, எடை ஏறியிருப்பார். அழற்சி காரணமா, கூட வந்த சுமையா என்பது இந்த வகை ஒப்பீட்டால் தீராது. 2014இல் வெளியான கோலம் கந்தகர் ஆய்வு இந்த இடத்தில் மேலானது. பிரிஸ்டல் வட்டாரத்துக் குழந்தைகளிடம் 9 வயதில் இன்டர்லூக்கின்-6 அளந்து, 18 வயதில் மனநிலையைப் பார்த்தது. மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு, கீழ்ப் பங்கில் இருந்தவர்களைவிட மனச்சோர்வு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உடல் எடையைக் கணக்கில் கழித்த பின்பும் அந்த வேறுபாடு நின்றது. பெரிய தாக்கம் என்று சொல்ல முடியாது. நேர்மையான தாக்கம் என்று சொல்லலாம்.

எத்தனை பேரின் மனச்சோர்வில் அழற்சி இருக்கிறது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. அதைத்தான் பொதுப்பேச்சு கேட்பதே இல்லை. 2019இல் ஒசிமோ குழுவின் தொகுப்பாய்வு, மனச்சோர்வாளர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினருக்கே அழற்சிக் குறியான சி-ரியாக்டிவ் புரதம், அதாவது சிஆர்பி, லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று கண்டது. நான்கில் மூவருக்குத் தாண்டவில்லை. கருதுகோளின் ஆதரவாளர்கள் இந்த எண்ணைத் தங்கள் வெற்றியாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது கருதுகோளின் எல்லைக்கல்லாகவே படுகிறது.

அந்த 3 என்ற எண்ணையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அது மனநல மருத்துவம் தன் நோயாளிகளைப் பார்த்து வகுத்துக்கொண்ட வரம்பு அன்று. 2003இல் அமெரிக்க இதய மருத்துவர்கள் மாரடைப்பு அபாயத்துக்காக வகுத்தது. கடன் வாங்கிய கோடு. லண்டன் வாழ் இந்தியரிடம் ஐரோப்பியரைவிட சிஆர்பி கூடுதல் என்றும், அதில் பெரும்பங்கு இடுப்புக் கொழுப்பாலும் இன்சுலின் எதிர்ப்பாலும் விளங்குகிறது என்றும் 2001லேயே சேம்பர்ஸ் குழு காட்டிவிட்டது. சர்க்கரை நோயும் ஈறு நோயும் மழைக்காலக் காய்ச்சலும் சாதாரணமாகிவிட்ட நம் பக்கத்தில் 3 என்ற கோட்டைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. தாண்டியவரின் மனச்சோர்வுக்கு அந்தத் தாண்டலே காரணம் என்று முடிவு கட்டுவது இன்னும் இரண்டு படி அவசரம்.

அளவுகோல் பேச்சு வந்ததால் தமிழ்நாட்டு எண்களையும் பார்த்துவிடுவோம். சென்னையில் 25,455 பேரிடம் நடத்தப்பட்ட க்யூர்ஸ் ஆய்வு, 2009இல், மனச்சோர்வு 15.1 விழுக்காடு என்றது. தமிழ்நாடும் இடம்பெற்ற 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டளவில் நடப்பு மனச்சோர்வு 2.7 விழுக்காடு என்றது. முந்தையது மக்களே விடை சொன்ன வினாத்தாள். பிந்தையது பயிற்சி பெற்றவர் நடத்திய நேர்காணல். இரண்டும் தத்தம் முறைக்கு நேர்மையானவை. இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. உலக நோய்ச்சுமை ஆய்வின் இந்தியப் பகுதி, 2017ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில், மனச்சோர்வு நோய்களில் தமிழ்நாட்டை மாநிலங்களில் முதலிடத்தில் வைத்தது. இதை எடுத்துக்கொண்டு, அன்றாடம் குழம்பில் மஞ்சள் போடும் மாநிலத்துக்கே இந்தக் கதியா என்று நையாண்டி செய்வது எளிது. ஆனால் மாநிலச் சராசரியிலிருந்து தனியாள் மூளைக்கு வழி கிடையாது. மஞ்சள் விற்பவர் இந்தத் தர்க்கத்தைப் பயன்படுத்தினால் மறுக்கும் நாம், மஞ்சளுக்கு எதிராக அதையே பயன்படுத்தக் கூடாது.

இனி நடுப்படி. அழற்சியைத் தணித்தால் மனச்சோர்வு தணிகிறதா?

இதற்கான தேர்வுக்களம் 2013இல் சார்ல்ஸ் ரெய்சன், ஆண்ட்ரூ மில்லர் குழு நடத்திய இன்ஃப்ளிக்சிமாப் ஆய்வு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் இந்த ஊசி டிஎன்எஃப்-ஆல்ஃபாவை நேரடியாக முடக்குகிறது. குறி தப்பாத ஆயுதம். வழக்கமான மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வாளர் 60 பேர், பாதிக்கு மருந்து, பாதிக்குப் போலி, மூன்று தவணை, 12 வாரம். முடிவு: இரு அணிகளுக்கும் வேறுபாடு இல்லை. சிஆர்பி 5-ஐத் தாண்டியவர்களை மட்டும் தனியே பிரித்தபோது, மருந்து பெற்ற 13 பேரில் 8 பேரும், போலி பெற்ற 9 பேரில் 3 பேரும் தேறியிருந்தார்கள். சிஆர்பி குறைந்தவர்களிடம் போலி ஊசியே மேலாக இருந்தது.

கருதுகோளின் தகுதியும் ஊனமும் இந்த ஒரே ஆய்வில் அருகருகே நிற்கின்றன. தலையாய முடிவு எதிர்மறை என்பதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை, அது பாராட்டுக்குரியது. சிஆர்பி என்ற பிரிகோட்டை அவர்கள் முன்னமே கருத்தில் கொண்டிருந்தார்கள் என்பதும் அவர்கள் பக்கம் நிற்கும். ஆனாலும் 8/13க்கும் 3/9க்கும் இடையிலுள்ள தூரத்தில் இரண்டு பேர் இடம் மாறினால் கதை மாறிவிடும். இத்தனை சிறிய துணைக்குழு வழிகாட்டலாம். தீர்ப்பு எழுதப் போதாது. அழற்சி இல்லாதவருக்கு அழற்சித் தடுப்பு பயன் தராததோடு பின்னடைவும் தரக்கூடும் என்ற குறிப்புத்தான் என் பார்வையில் இந்த ஆய்வின் ஆகப் பெரிய கொடை. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் கைவிடுவதும் அதைத்தான்.

பின்வந்தவை நம்பிக்கையை வளர்க்கவில்லை. 2019இல் இருமுனை மனச்சோர்வில், அழற்சிக் கூறுள்ளவர்களையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தும் இன்ஃப்ளிக்சிமாப் மொத்தத்தில் தோற்றது. அழற்சியைத் தணிக்கக்கூடிய மினோசைக்ளின் என்ற மருந்தை வைத்து ஜெர்மனியில் 173 பேரிடம் நடத்திய ஆய்வும் 2022இல் எதிர்மறை. அதில் நோயாளிகளை அழற்சியின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கவில்லை என்பது ஆதரவாளர்களின் சமாதானம். ஓரளவு நியாயமான சமாதானம்தான். ஆனால் தேர்ந்தெடுத்த 2019 ஆய்வும் தோற்றிருக்கிறதே என்ற எதிர்க்கேள்வி உடனே வந்து நிற்கிறது.

கோவைக்கு நெருக்கமான ஒரு சான்று இங்கே எதிர்பாராத இடைஞ்சல் தருகிறது. வெள்ளியங்கிரி அடிவாரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஷாவின் பயிற்சிகளைக் கைக்கொண்ட மூன்று மாத யோக முகாம் ஒன்றில் 38 பேரை முன்னும் பின்னும் அளந்து, 2017இல் கான் குழு முடிவு வெளியிட்டது. மனச்சோர்வு, பதற்ற மதிப்பெண்கள் குறைந்தன. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 கூடியது. இதுவரை கருதுகோள் சொன்னபடியே. ஆனால் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1பீட்டா, இன்டர்லூக்கின்-8, இன்டர்ஃபெரான் காமா ஆகிய அழற்சிக் குறிகளும் கூடின. மனம் தேறியிருக்கிறது, இரத்தத்தில் அழற்சி ஏறியிருக்கிறது. தங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக என்றே ஆசிரியர்கள் எழுதினார்கள். அந்த நாணயத்துக்கு முழு மதிப்பெண். ஒப்பீட்டு அணி இல்லாதது, பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லாமல் விரும்பி வந்தவர்கள் என்பது ஆகியவை பெரிய குறைகள். யோகாவுக்கு ஆதரவாகவோ எதிராகவோ இதிலிருந்து எதையும் கறக்க முடியாது. அழற்சிக் குறியும் மனநிலையும் ஒரே திசையில் நடக்கும் என்று எளிமையாக நம்புகிறவர்கள் மட்டும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மூன்றாம் படிக்கு வருவோம். மஞ்சளை மனச்சோர்வுக்கு இழுத்து வந்ததில் இந்திய ஆய்வகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் எஸ்.கே. குல்கர்னி குழு 2008இல் எலிகளிடம் குர்க்குமினைச் சோதித்தது. தண்ணீரில் விட்ட எலி நீந்துவதைக் கைவிட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் சோதனை. குர்க்குமின் பெற்றவை கூடுதல் நேரம் போராடின. செரட்டோனினும் டோபமினும் இதில் பங்குபெறுவதாக அந்தக் குழு காட்டியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே முன்னிறுத்தப்பட்ட விளக்கம் நரம்புக் கடத்திகள் பற்றியது, அழற்சி பற்றியது அன்று. அழற்சிக் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மனிதரிடம் நடந்ததில் அதிகம் பேசப்படுவது குஜராத்தின் பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் சன்முகானி குழு செய்து 2014இல் வெளியான ஆய்வு. பெருமனச்சோர்வுள்ள 60 பேர் மூன்று அணிகளாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஃப்ளூயோக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து 20 மில்லிகிராம், குர்க்குமின் 1,000 மில்லிகிராம், இரண்டும் சேர்த்து. ஆறு வாரம். ஹாமில்டன் அளவுகோலில் தேறியவர்கள் ஃப்ளூயோக்செட்டின் அணியில் 64.7 விழுக்காடு, குர்க்குமினில் 62.5, இரண்டும் சேர்ந்ததில் 77.8. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று. இதைத்தான் 'மனச்சோர்வு மருந்துக்கு நிகரான மஞ்சள்' என்று ஊர் உலகமெல்லாம் எழுதினார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். சீட்டுக் குலுக்கல் முறையில் அணி பிரித்தார்கள். வழக்கில் உள்ள மருந்தோடு ஒப்பிடும் துணிவு இருந்தது. முடிவுரையிலும், தற்கொலை எண்ணமோ வேறு மனநோயோ இல்லாதவர்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டியவர்கள்தான் அந்த வரம்பை உதறினார்கள். ஆனால் ஆய்வின் கட்டமைப்பு தன் மேல் ஏற்றப்பட்ட முடிவைத் தாங்காது. போலி மாத்திரை அணி இல்லை. மனச்சோர்வு ஆய்வுகளில் போலி மாத்திரைக்கே மூன்றில் ஒரு பங்கினர், சில சமயம் அதற்கு மேலும், தேறுவது வழக்கம். மருத்துவர் வாரந்தோறும் பொறுமையாகக் கேட்பதே பாதி மருந்து. அந்த அளவு தெரியாமல் 62.5 என்ற எண்ணுக்கு என்ன பொருள் கொள்வது? மதிப்பிட்டவருக்கு மட்டும் மறைக்கப்பட்டது. எதை விழுங்குகிறோம் என்று நோயாளிக்குத் தெரியும். மஞ்சள் மீது தலைமுறை நம்பிக்கை உள்ள நாட்டில் இது சின்னக் கசிவு அல்ல. அணிக்கு 20 பேர் என்னும்போது 62.5க்கும் 77.8க்கும் உள்ள வித்தியாசம் மூன்று பேர். இத்தனை சிறிய அணிகளில் வேறுபாடு தென்படவில்லை என்பதை இரண்டும் சமம் என்று வாசிப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. இங்கே அது தலைப்புச் செய்தியாகிவிட்டது. நம் விவாதத்துக்கு இன்னும் முக்கியமான குறை, நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததில் அழற்சிக்குப் பங்கே இல்லை என்பது. ரெய்சன் ஆய்வு 2013லேயே காட்டிய வாசல் வழியாக எவரும் நுழையவில்லை.

போலி மாத்திரை வைத்தவர்கள் என்ன கண்டார்கள்? இஸ்ரேலில் பெர்க்மன் குழு 2013இல் 40 பேரிடம், வழக்கமான மருந்தோடு 500 மில்லிகிராம் குர்க்குமின் சேர்த்து ஐந்து வாரம் பார்த்தது, வேறுபாடு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஏட்ரியன் லொப்ரெஸ்டி 2014இல் 56 பேரிடம் எட்டு வாரம் பார்த்தார். முதல் நான்கு வாரம் வேறுபாடு இல்லை, அடுத்த நான்கில் குர்க்குமின் அணி முந்தியது. சீனத்தில் யூ குழு 2015இல் 108 ஆண்களிடம் ஆறு வாரம் நடத்திய ஆய்வில் மனச்சோர்வு மதிப்பெண்ணோடு இன்டர்லூக்கின்-1பீட்டாவும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் குறைந்தன. மூன்றாவதுதான் முதல் படியையும் மூன்றாம் படியையும் ஒரே ஆய்வில் தொட்டது. அதனாலேயே அதற்கு நான் கூடுதல் எடை தருகிறேன். ஒரே பாலினம், குறுகிய காலம் என்பவை அதன் எல்லைகள். பெர்க்மனின் தோல்வியையும் கால அளவைக் காட்டி விளக்கிவிடலாம்: நான்கு வாரத்துக்குப் பிறகே வேலை செய்யும் பொருளை ஐந்து வாரத்தில் எப்படிப் பிடிப்பது? இது பொருந்தும் விளக்கம். முடிவு வந்த பின் வந்த விளக்கம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, மாத்திரைக்கும் சமையலறைக்கும் உள்ள தூரம். பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏல நாளன்று வியாபாரி விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பார். நன்றாகக் காய்ந்தது 'டிக்'கென்று உலோகச் சத்தத்தோடு ஒடியும். ஒடிந்த முகத்தின் நிறம் பார்த்து விலை கேட்பார். கிழங்குக்கு ஒரு விலை, விரலிக்கு ஒரு விலை. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தந்த பிஎஸ்ஆர் ரகமானாலும் சரி, ஈரோட்டு நாட்டு ரகமானாலும் சரி, மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று நான்கு பங்குதான். அந்தக் கணக்கில், பாவ்நகர் நோயாளி ஒரு நாளில் விழுங்கிய 1,000 மில்லிகிராமுக்கு 25 முதல் 33 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். தேக்கரண்டிக் கணக்கில் எட்டு, பத்து. அரிசிம்பருப்புச் சாதத்துக்குப் போடும் அரைக் கரண்டியைக் குடும்பமே பங்குபோட்டுக்கொள்கிறது. தின்றாலும் சேராது என்பது அடுத்த சிக்கல். குர்க்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. கல்லீரல் அதை வேகமாக மாற்றி வெளியேற்றுகிறது. பாவ்நகரில் கொடுத்ததும் வெறும் குர்க்குமின் அன்று, மஞ்சள் எண்ணெய் சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய பிசிஎம்-95 என்ற கேரளத் தயாரிப்பு. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சல் இருபது மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. அதன் பிறகு வந்த மாத்திரைகள் பலவற்றில் மிளகுச் சத்தும் உண்டு.

உறிஞ்சலைக் கூட்டியதற்கு விலை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் வலையமைப்பு, மஞ்சள் மாத்திரை உண்டு கல்லீரல் கெட்ட 10 பேரை விவரித்தது. சிலர் உண்டதில் பைப்பரினும் இருந்தது, பலரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபு வகை காணப்பட்டது. எண்ணிக்கையில் அரிது. ஆனாலும் குழம்பு மஞ்சளின் நற்பெயரை இந்த மாத்திரைக்குக் கடன் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்த இரு வேறு பொருள்கள். வேதியியல் பக்கத்திலிருந்தும் ஒரு கண்டிப்பான குரல் உண்டு. 2017இல் நெல்சன் குழு எழுதிய நீண்ட மதிப்புரை, குர்க்குமின் நிலையற்றது என்றும், ஆய்வகச் சோதனைகளில் எதைத் தொட்டாலும் 'வேலை செய்வது போல' காட்டிக்கொள்ளும் மூலக்கூறு வகையைச் சேர்ந்தது என்றும் வாதிட்டது. சோதனைக் குழாய் வெற்றிகளை அது சரியாகவே தகர்க்கிறது. ஆள்மீது நடந்த சோதனைகளை ஒரே மூச்சில் தள்ளிவிடும் இடத்தில் அதன் கண்டிப்பு அளவு மீறுகிறது.

ஆக, என் மதிப்பீடு இது. அழற்சி சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்க வல்லது என்பது நிறுவப்பட்டுவிட்டது. இன்டர்ஃபெரான் சான்று ஒன்றே போதும். எல்லா மனச்சோர்வும் அழற்சி என்பது நிராகரிக்கத் தக்கது. அழற்சியைத் தணித்து மனச்சோர்வைத் தீர்க்கலாம் என்பது நிறுவப்படாதது. தகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்தால் நிறுவப்படலாம் என்ற அளவுக்கு மட்டும் உயிரோடிருப்பது. குர்க்குமின் போலி மாத்திரையைவிடச் சற்று மேல் என்று சொல்லச் சிறு சான்று உண்டு. ஃப்ளூயோக்செட்டினுக்கு நிகர் என்று சொல்லச் சான்று இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை எடுத்துக்கொள்வதற்கு எந்த ஆய்வும் அனுமதி தரவில்லை. பாவ்நகர் ஆய்வே தரவில்லை.

மேலே எடுத்துக்கொண்ட குர்க்குமின் ஆய்வுகள் எதுவும் நோயாளிகளைச் சேர்க்கும்போது சிஆர்பியை வாசலில் நிறுத்தவில்லை. சில நூறு ரூபாயில் முடியும் இரத்தப் பரிசோதனை அது. மருத்துவக் கல்லூரிகள், மனநலப் பிரிவுகள், வேளாண் பல்கலைக்கழகம், மஞ்சள் சந்தை எல்லாம் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் வட்டாரம் இது. சிஆர்பி உயர்ந்தவர், உயராதவர் என்று முன்கூட்டியே இரு பிரிவு. இரண்டிலும் போலி மாத்திரை. வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் தொடரும். குறைந்தது பன்னிரண்டு வாரம். இடுப்புச் சுற்றளவும் சர்க்கரையும் கணக்கில். கல்லீரல் பரிசோதனை மாதாமாதம். களைப்பு மதிப்பெண்ணும் துயர மதிப்பெண்ணும் தனித்தனியே. இப்படி ஒரு சோதனை நடந்து, உயர்ந்த பிரிவில் மட்டும் மருந்து முந்தினால் அழற்சிக் கருதுகோளும் மஞ்சளும் சேர்ந்தே தேறும். இரு பிரிவிலும் ஒரே மாதிரி முந்தினால் மஞ்சள் தேறும், அழற்சி விளக்கம் விழும். குல்கர்னியின் எலிகள் சொன்ன பழைய விளக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். எதிலும் முந்தாவிட்டால், டப்பாவை மூட்டுவலி வரிசைக்கே திருப்பி வைத்துவிடலாம்.